யாரும் கற்றுக்கொடுக்கக் கூடாத ஆட்டக்காரன்

எல்வின் நகரத்து மக்கள் நியாயமானவர்கள். தங்கள் பனி ஹாக்கி அணி தோற்றால் அழுவார்கள். ஒன்பது வருடம் விடாமல் தோற்றதும் அழுவதை நிறுத்திவிட்டுக் காரணம் கேட்டார்கள். கேட்டது தப்பில்லை. எழுத்தில் கேட்டுவிட்டார்கள், அதுதான் வினையாகப் போனது. எழுத்தில் வந்த கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால், 'எல்வின் கொக்குகள்' அணியின் நிர்வாகம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது.

குழுவின் முன்னால் இரண்டு துறைகள் நிறுத்தப்பட்டன. முதலாவது, தேர்வுத் துறை. ஆண்டுதோறும் ஜூன் மாதம் நாட்டிலுள்ள பதினெட்டு வயது ஆட்டக்காரர்களை அணிகள் எல்லாம் வரிசையில் நின்று பங்கு போட்டுக்கொள்ளும். கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வகையில் கொக்குகள் ஒன்பது வருடமாக வரிசையின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்கள். தேர்வுத் துறைத் தலைவர் லயல் டன்ஸ்மோர் குளிர்காலம் முழுக்கக் காரிலேயே குடியிருந்து, ஊர் ஊராகப் போய்ப் பையன்களைப் பார்த்து வருபவர். ஒரு பையன் பனித்தளத்தில் இறங்கி நடக்கிற நடையிலேயே அவனுடைய எதிர்காலம் தனக்குத் தெரிந்துவிடும் என்பார். தெரிந்த எதிர்காலங்களில் பெரும்பாலானவை இப்போது காப்பீட்டு முகவர்களாக இருந்தன.

இரண்டாவது, வளர்ப்புத் துறை. எடுத்து வந்த பையன்களை ஆட்டக்காரர்களாக ஆக்குவது அதன் கடமை. துறை என்றால் ஒரே ஆள்தான். பெயர் ஹலீனா பாவ்லிக். வயது நாற்பத்து நான்கு. ஒரு காலத்தில் பனிநடனத்தில் தேசிய அளவில் ஆடியவள். சறுக்குக் காலணியான ஸ்கேட்டின் எந்த விளிம்பில் எவ்வளவு பாரம் வைப்பது என்பதில் அந்த மாகாணத்திலேயே அவளுக்கு நிகரில்லை. அந்தத் திறமையைக் கௌரவிக்கும் பொருட்டு, கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள்.

"நான் தங்கம் தங்கமாப் பொறுக்கிக் குடுத்தேன்," என்றார் லயல். "இவங்க கைக்குப் போனதும் தகரமாயிருது."

"தங்கமா?" என்றாள் ஹலீனா. "போன வருஷம் குடுத்தீங்களே ஒரு தங்கம், அவன் நின்னுக்கிட்டிருக்கவே ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்துச்சு."

"அவன் ஆறடி அஞ்சு அங்குலம், அம்மா!"

"தெரியுமே. விழும்போது ரொம்ப நேரம் விழுந்தான்."

பொது மேலாளர் கிளிஃப் அர்க்விஸ்ட் மேசையைத் தட்டினார். அவர் யார் மனதையும் நோகடிக்காதவர். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவும், ஆகவே இதில் முடிவெடுக்க வெளியிலிருந்து ஒரு நிபுணரைக் கூப்பிடுவதாகவும் அறிவித்தார்.

நிபுணர் பிரெஸ்டன் யேட்ஸ் ஜனவரிக் குளிரில் காலுறை இல்லாமல் வந்து இறங்கினார். பெரிய நகரங்களில் இப்போது அப்படித்தானாம். கணுக்கால் நீலமாக இருந்தது. அவர் இதுவரை ஒரு ஹாக்கி ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று விளக்கினார். ஐந்து மாதம் எண்களை மட்டும் பார்த்துவிட்டு, அறிக்கை தந்தார்.

"ஒம்பது வருஷத்துல அம்பத்தெட்டு பேர எடுத்திருக்கீங்க. அதுல ரெண்டு பேருதான் இன்னும் ஆடறாங்க. தேர்வு தப்பா, வளர்ப்பு தப்பா? சொல்லவே முடியாது. ஏன்னா எடுத்த ஒவ்வொருத்தனையும் இந்தம்மா தொட்டிருக்காங்க."

"அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறாங்க," என்றாள் ஹலீனா.

"அதான் தப்பு. விதை நல்லதான்னு பாக்கணும்னா தண்ணி ஊத்தக் கூடாது. தண்ணி ஊத்தினா, வளந்தது விதையாலயா தண்ணியாலயான்னு எப்பிடித் தெரியும்?"

கிளிஃப் அறிக்கையைப் புரட்டினார். அவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஏதோ இடித்தது. ஆனால் அறிக்கை வழவழப்பான தாளில் இருந்தது.

"நல்ல கருத்து," என்றார்.

அந்த ஜூனில் லயல் தேர்ந்தெடுத்த பையன் மார்சல் லவாலே. வடக்கே ஒரு பண்ணையில் பிறந்தவன், சட்டென்று சிரித்துவிடும் முகம். பந்துக்குப் பதில் ஆடுகிற ரப்பர் வட்டு அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டே வரும். அவன் வந்து சேர்ந்த அன்று கட்டடம் முழுக்க ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது.

'மேற்படி ஆட்டக்காரருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ, வாய்மொழியாகவோ சைகையாலோ முகபாவத்தாலோ, எவ்விதக் கற்பித்தலும் நிகழாவண்ணம் அனைவரும் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தவிர்க்க முடியாத சூழ்நிலையில் அறிவுரை வழங்க நேரிடின், படிவம் பதினான்கைப் பூர்த்தி செய்து மூன்று நாட்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும்.'

முதல் பயிற்சி நாளில் ஹலீனா தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தாள். நான்கே நொடியில் தெரிந்துவிட்டது. பையனுக்கு இடது பக்கம் திரும்ப வராது.

காரணமும் பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது. பண்ணைக் குட்டை உறைந்ததும் அதில்தான் சறுக்கிப் பழகினான். குட்டையின் இடது கரையில் பம்பு கொட்டகை. இடது பக்கம் திரும்பினால் தகரத்தில் முட்ட வேண்டியதுதான். ஆகவே பத்து வருடமும் வலது பக்கமாகவே சுற்றியிருக்கிறான். சரிசெய்ய இரண்டு மாதம் போதும். இடது காலின் வெளிவிளிம்பை நம்பி உடம்பைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். ஹலீனா வாயைத் திறந்தாள். பின்வரிசையில் பிரெஸ்டன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஹலீனா வாயை மூடிக்கொண்டாள்.

சுற்றறிக்கை அமலுக்கு வந்தால் அமலுக்கு வந்ததுதான். சமையற்கூடத்தில் சூப் ஊற்றுகிற பெண்மணி "சூடா இருக்கு, பாத்து" என்று சொல்லிவிட்டுப் படிவம் பதினான்கு எழுதினாள். பையன் விழுந்தபோது உச்சுக்கொட்டிய ஒரு தடுப்பாட்டக்காரருக்கு, முகபாவம் தொடர்பாக விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அதன் பிறகு ஆடை மாற்றும் அறையில் மார்சல் நுழைந்தால் இருபது பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். வாரம் இருமுறை தொலைபேசியில் பேசும் அவனுடைய அம்மாவுக்கும் ஒரு படிவக் கட்டு தபாலில் அனுப்பப்பட்டது. அந்த அம்மாள் அதைத் திருப்பி அனுப்பினாள். மேலே பேனாவால் எழுதியிருந்தாள்: 'பெத்தவ நான். நிரப்பறது நீங்க.' நிர்வாகம் அதைப் பதிவு செய்து கோப்பில் வைத்தது.

ஆட்டங்கள் தொடங்கின. எதிரணிகளுக்கு விஷயம் பிடிபட இரண்டு வாரம் ஆனது. அதற்குப் பிறகு அவனை இடது ஓரத்துக்கே தள்ளினார்கள். இடது பக்கம் பத்தடி போக வேண்டியிருந்தால் மார்சல் வலது பக்கமாக நாற்பதடி சுற்றி வருவான். வந்து சேர்வதற்குள் வட்டு வேறொருவரிடம் போய், அங்கிருந்து கோலுக்கும் போயிருக்கும்.

இந்த இடத்தில் ஊர் மக்களையும் பாராட்ட வேண்டும். வானொலி வர்ணனையாளர் ஒருவர் அதற்கு 'லவாலே வட்டம்' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததும் அது குறை என்பது போய்ப் பாணி ஆகிவிட்டது. அணியின் கடையில் வலது பக்கம் அம்புக்குறி போட்ட தொப்பி விற்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் வலது பக்கமாக மட்டுமே சுற்றிப் பழகினார்கள். கடைவீதியில் பெரிய மனிதர்கள்கூட இடது பக்கத்துக் கடைக்குப் போக ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டார்கள்.

"அது கலைங்க," என்று லயல் தொலைக்காட்சியில் சொன்னார். "சொல்லிக்குடுத்து வர்றதில்ல."

சொல்லிக்கொடுத்து வந்ததில்லை என்பது என்னவோ உண்மைதான்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் மதியம் மார்சல் கொதிகலன் அறைப் பக்கம் வந்து ஹலீனாவை மறித்துக்கொண்டு நின்றான்.

"கோச், நான் என்ன தப்பு பண்றேன்?"

ஹலீனா நடைக்கூடத்தின் இரு முனையையும் பார்த்தாள். "இன்னிக்கு நல்ல குளிர்," என்றாள்.

"கோச்!"

"மைனஸ் இருபத்தெட்டு."

"என்னப் பாத்ததும் எல்லாரும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கறாங்க. எனக்கு ஏதாவது வியாதியா? இருந்தா சொல்லிருங்க. சூப் ஊத்தற அம்மாகூட இப்ப கண்ண மூடிக்கிட்டு ஊத்தறாங்க. கையெல்லாம் சுட்டுப்போச்சு."

ஹலீனா மறுபடி நடைக்கூடத்தின் முனைகளைப் பார்த்தாள். பதில் சொன்னால் படிவம், படிவம் போனால் பதினேழு வருட வேலையும் போகும்.

"சரி விடுங்க. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போறேன்ல, அப்பிடியே இருந்துடறேன். அப்பாவுக்கு மாட்டப் பாத்துக்க ஆள் வேணும். மாடுங்க என்னப் பாத்து மூஞ்சத் திருப்பிக்காது."

பையன் சிரிக்க முயன்றான். அது சரியாக வரவில்லை. தோள்கள் தொங்க, அவன் வந்த வழியே திரும்பிப் போனான். போகும் வழியிலும் வலது பக்கமாகத்தான் திரும்பினான். ஹலீனா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கொதிகலன் இரைகிற தைரியத்தில் லயலையும் பிரெஸ்டனையும் தன் தாய்மொழியான உக்ரேனிய மொழியில் வாய்விட்டுத் திட்டினாள். திட்டியதில் மூன்றாவதாகத் தன் பெயரும் வந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் அவள் நகராட்சிப் பனித்தளத்துக்குப் போனாள். வாரம் ஒருநாள் அங்கே பெரியவர்களுக்கான தொடக்கநிலை வகுப்பு நடத்துவது அவள் வழக்கம். எட்டுப் பேர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ஒன்பதாவதாக மார்சல் நின்றான்.

"நீ இங்க எங்க வந்த?" என்றாள் ஹலீனா.

"உங்க கதவுல நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சே. படிவம் நிரப்பிட்டேன்." நீட்டினான். முன் அனுபவம் என்ற இடத்தில் 'வலது பக்கம் மட்டும்' என்று எழுதியிருந்தான்.

ஹலீனா அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் நகராட்சி விதி அச்சிட்டிருந்தது: 'முறைப்படி பதிவு செய்த எந்தக் குடிமகனுக்கும் பயிற்சி மறுக்கப்படலாகாது. மறுக்கும் பயிற்றுநர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' ஒரு கையில் இந்த விதி. இன்னொரு பக்கம் அந்தச் சுற்றறிக்கை. கற்றுக்கொடுத்தால் ஒரு அலுவலகம் கேள்வி கேட்கும், கொடுக்காவிட்டால் இன்னொரு அலுவலகம். வாழ்க்கையில் முதல்முறையாக ஹலீனாவுக்கு அலுவலகங்கள் மேல் ஒரு பிரியம் வந்தது.

"வரிசையில நில்லு," என்றாள். "ஜோடி ஜோடியா."

மார்சலுக்கு ஜோடியாக வாய்த்தவர் வில்ஹெல்மினா ஃப்ரீசன். தபால் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயதில் சறுக்கக் கற்றுக்கொண்டே தீர்வது என்று வந்திருந்தார்.

"என்ன வேல பாக்கற தம்பி?"

"ஹாக்கி ஆடறேன்மா. கொக்குகள் அணியில."

"அப்ப இங்க எதுக்கு வந்த?"

"எடது பக்கம் திரும்ப வராது."

வில்ஹெல்மினா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம அணி ஒம்பது வருஷமாத் தோக்கறப்பவே எனக்குத் தோணுச்சு," என்றார். "சரி, கையப் பிடி. எனக்கு ரெண்டு பக்கமும் வராது. சேந்தே விழுவோம்."

விழுந்தார்கள். முதல் ஞாயிறு பதினொரு தடவை. ஹலீனா யாருக்கும் தனியாக எதுவும் சொல்லவில்லை. ஒன்பது பேருக்கும் பொதுவாகச் சத்தம் போட்டுச் சொன்னாள்: "எடது முட்டிய மடக்குங்க! வெளிவிளிம்ப நம்புங்க! தோள உள்ள சாய்ங்க! கீழ பாக்காதீங்க ஃப்ரீசன் அம்மா, பனி எங்கயும் ஓடிறாது!"

மார்சல் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய் மூன்றாம் நாளே திரும்பி வந்தான். ஆறாவது ஞாயிறு, வட்டத்தின் நடுவே வரும்போது அவனுடைய இடது முட்டி மடங்கியது. உடம்பு சாய்ந்தது. ஸ்கேட் பனியைக் கீறும் ஒலி இதுவரை இல்லாத மாதிரி, துணி கிழிவதுபோல நீளமாக வந்தது. விழாமல் சுற்றி முடித்து நின்றான். நின்றவன் தன் காலையே பார்த்தான், அது வேறு யாருடையதோ போல.

"வந்துருச்சு!" என்று கத்தினார் வில்ஹெல்மினா. கைதட்டக் கம்பியை விட்டதால் உடனே உட்கார்ந்துவிட்டார்.

ஹலீனா அவசரமாக ஸ்கேட் கயிற்றைக் கட்டக் குனிந்தாள். கயிறு கட்டியேதான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எல்வின் நகரம் முழுக்க அறியும். பதினான்கு ஆட்டத்தில் மார்சல் பதினொரு கோல் போட்டான். இடது ஓரத்துக்குத் தள்ளிய எதிரணிகள் திகைத்துப்போய்த் தங்களுக்குள் மோதிக்கொண்டன. லயல் தொலைக்காட்சியில் கண் கலங்கினார். "தொடப்படாத திறமை," என்றார். "ஒரு கை படல. தானா மலர்ந்துச்சு."

பிரெஸ்டனின் இறுதி அறிக்கை மார்ச் தொடக்கத்தில் குழுவின் முன் வைக்கப்பட்டது. பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது அது: 'வளர்ப்புத் துறையின் பங்களிப்பு: பூஜ்யம். மேற்படி துறையைக் கலைத்து, அதன் அறையைத் தேர்வுத் துறையின் வரைபடங்களுக்கு ஒதுக்கலாம்.'

"ஏதாவது சொல்லணுமா, ஹலீனா?" என்று கிளிஃப் கனிவாகக் கேட்டார்.

உண்மையைச் சொன்னால், கற்றுக்கொடுத்ததற்காக வேலை போகும். சொல்லாவிட்டால், கற்றுக்கொடுக்காததற்காகப் போகும். எந்தக் காரணத்துக்காகப் போனால் நல்லது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. மார்சல் உள்ளே வந்தான். கையில் நகராட்சியின் சான்றிதழ்.

"எனக்கு எடது பக்கம் திரும்பச் சொல்லிக்குடுத்தது கோச்தான்," என்றான். "இந்தாங்க ஆதாரம். வகுப்புல ரெண்டாவது வந்தேன்."

"மொத யாரு?" என்று கிளிஃப் தன்னை மீறிக் கேட்டுவிட்டார்.

"ஃப்ரீசன் அம்மா. நான் ஆட்டம் இருந்ததால ரெண்டு ஞாயிறு வரல. வருகைக்கும் மதிப்பெண் உண்டு."

லயல்தான் முதலில் சுதாரித்தார். "பாத்தீங்களா? வகுப்புல போய்ச் சேரணும்னு அவனுக்குத் தானாத் தோணியிருக்கு. அப்பிடித் தோணற பையனாப் பாத்துத்தான் நான் எடுத்தேன்."

"ஐயையோ," என்றார் பிரெஸ்டன். அவர் முகம் கணுக்கால் நிறத்துக்கு வந்துவிட்டது. "கலப்படம். முழுக்கக் கலப்படம். இவன் இனிமே சோதனைக்கு ஒதவ மாட்டான். மறுபடி மொதல்லேருந்து, புதுப் பையனோட ஆரம்பிக்கணும்."

"இவன என்ன பண்றது?" என்று கேட்டார் கிளிஃப்.

"வேற அணிக்குக் குடுத்துட்டு, பதிலுக்கு அடுத்த வருஷத் தேர்வுல ரெண்டு எடம் வாங்கிக்கலாம். இப்ப நல்ல மதிப்பு இருக்கு."

ஹலீனா எழுந்தேவிட்டாள். "உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு? அவன் இப்பதான் ஆடக் கத்துக்கிட்டான்!"

"அதான் சொல்றேன்," என்றார் பிரெஸ்டன். "கத்துக்கிட்டான். இனி அவன்கிட்ட எதிர்பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

கிளிஃப் சாளரம் வழியே வெளியே பார்த்தார். ஜனங்களுக்குப் புதுப் பையன் என்றால் பிடிக்கும் என்பது அவருக்கும் தெரியும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஹலீனாவின் வேலை மட்டும் தப்பியது. கற்றுக்கொடுத்தாள் என்று நீக்கினால் அறிக்கை பொய்யாகும். கற்றுக்கொடுக்கவில்லை என்று நீக்கினால் சான்றிதழ் பொய்யாகும். ஆகவே அவளுடைய கோப்பு பரிசீலனையில் வைக்கப்பட்டது. இன்றும் இருக்கிறது.

மார்சல் தன் பையைத் தூக்கிக்கொண்டு கிழக்குக் கடற்கரை அணிக்குப் புறப்பட்டான்.

"அங்க போய் நான் எப்பிடி இருக்கணும், கோச்?"

"எது தெரியலன்னாலும் கேளு. அங்க இருக்கறவங்க பதில் சொல்லுவாங்க," என்றாள் ஹலீனா. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவன் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான்.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரை அணி எல்வினுக்கே வந்தது. அரங்கில் ஒரு இருக்கை காலியில்லை. ஹலீனா வில்ஹெல்மினாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மார்சல் முதல் கோல் போட்டதும் அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. ஹலீனாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பரவாயில்லை, ஊருக்கு நன்றி இருக்கிறது என்று நினைத்தாள். இரண்டாவது கோலுக்கு இன்னும் பெரிய ஆரவாரம். கொக்குகள் தற்செயலாக ஒரு கோல் போட்டபோது மட்டும் பதினைந்தாயிரம் பேரும் "ஊ" என்று கூச்சல் போட்டார்கள்.

"என்ன நடக்குது இங்க?" என்றாள் ஹலீனா.

"உனக்குத் தெரியாதா?" வில்ஹெல்மினா குரலைத் தாழ்த்தவில்லை. "இன்னிக்குத் தோத்தா நம்மதான் கடைசி. கடைசின்னா ஜூன்ல மொத ஆள் நமக்கு! எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்காங்க. தட்டு, தட்டு!"

மூன்றாவது கோலும் விழுந்தது. கொக்குகள் தோற்றார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மேல்மாடத்தில் லயலும் பிரெஸ்டனும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹலீனா தான் கைதட்டுவது மார்சலுக்காக மட்டும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, "இந்த வருஷம் யாரு வர்றாங்க, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாமென்ன," என்றாள் ஹலீனா. கேட்டதும் அவளுடைய நாற்காலி தானாக முன்னால் நகர்ந்ததுபோல இருந்தது. "தண்டர் பே ஊருப் பக்கத்துப் பையன். ஆறடி மூணு அங்குலம். விளிம்பு என்ன விளிம்புங்கறீங்க! நான் நாலு தடவ வீடியோ பாத்துட்டேன். இந்தத் தடவ பாருங்க, இவன் ஒருத்தன் போதும்."

"அவ்வளவு நல்லா ஆடறானா?"

"நமக்காக இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடல," என்றாள் ஹலீனா, கண்கள் மின்ன. "இப்போதைக்கு நம்ம அணியில அவன மாதிரி ஆட்டக்காரன் யாருமே கிடையாது."